வீட்டு முயலைக் கழிவுத் தட்டிற்குப் பழக்குதல்

வீட்டில் வளர்க்கப்படும் பிராணிகளுள் முயல் அமைதியான இயல்புடையது. அது உரக்கக் குரல் எழுப்பி அயலாருக்குத் தொல்லை தருவதில்லை. புல்லும் இலையும் தின்று வாழ்வது. குழந்தைகளும் அதனை மிக விரும்புகின்றனர். ஆயினும், விருப்பத்துடன் கொண்டுவரப்பட்ட முயல் சில வாரங்களுக்குள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடுவதும், ஊர்ப்புறத்தில் விடப்பட்டு மடிந்துபோவதும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது முயலின் குணமன்று. வீடெங்கும் சிதறும் புழுக்கையும் சிறுநீரின் நெடியுமே ஆகும். இக்குறை நீக்கத்தக்கது. முயல் இயல்பாகவே ஓரிடத்தைத் தேர்ந்து கழிவு நீக்கும் பிராணி என்பதை அறிந்து, அவ்வியல்புக்கு ஏற்ற இடத்தை அமைத்துக் கொடுத்தால், இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலான முயல்கள் நல்ல பழக்கத்திற்கு வந்துவிடும்.

கோலார் தங்கவயலில் இப்பொருளுக்குத் தனியான முக்கியத்துவம் உண்டு. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, சுரங்கத் தொழிலாளருக்காக எழுப்பப்பட்ட வரிசை வீடுகளில் இன்றும் வாழ்கின்றன. ‘லைன்’ என வழங்கும் இவ்வரிசைகளில் வீடுகள் சிறியவை. சமையலும் உறக்கமும் அடுத்தடுத்த அறைகளிலேயே நிகழ்வன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், விடியற்காலையில் ரயிலேறிச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் தொகை பெருகியது. அத்தகைய வீடுகளில் முயலைப் பகற்பொழுதில் கவனிப்போர் பள்ளிச் சிறுவரும் முதியோருமே ஆவர். எனவே, பழக்கும் முறை எளிதாகவும் செலவற்றதாகவும் இருத்தல் வேண்டும்.

1. எந்த முயல்?

‘முயல்’ என்னும் ஒரே சொல் தமிழில் இரண்டு வெவ்வேறு பிராணிகளைக் குறிக்கிறது. கோலார்ப் பகுதியின் புதர்க்காடுகளிலும் கேழ்வரகு வயல்களின் ஓரங்களிலும் காணப்படுவது காட்டு முயல். இது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே சிறு பள்ளத்தில் படுத்திருக்கும். இதன் குட்டிகள் உடல் முழுதும் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. இதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வீட்டு முயலோ ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட குழிமுயலின் வழித்தோன்றல். குழிமுயல்கள் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. இவற்றின் குட்டிகள் மயிரின்றி, மூடிய கண்களுடன் பிறக்கின்றன. வளையில் கூடி வாழும் இப்பிராணிக்கு, உறையும் இடம் வேறாகவும் கழிவிடம் வேறாகவும் அமைந்தன. பழக்குதலுக்கு அடிப்படை இதுவே.

2. புழுக்கை இருவகை

முயல் இருவகைப் புழுக்கைகளை வெளியேற்றுகிறது. உருண்டையாக, காய்ந்து, நெடியின்றி இருப்பது வன்புழுக்கை. நன்கு வளர்ந்த முயல் ஒரு நாளில் இத்தகைய புழுக்கைகளை 200 அல்லது 300 வரையில் இடக்கூடும். மற்றொன்று மென்புழுக்கை. இது சிறு திராட்சைக் குலைபோல் ஒட்டிக்கொண்டு, பளபளப்பாக இருக்கும். சீக்கம் எனப்படும் குருட்டுக் குடலில் நுண்ணுயிர்களால் பக்குவம் செய்யப்பட்ட இப்பொருளில் புரதமும் ‘பி’ வகை வைட்டமின்களும் மிகுதி. முயல் இதனைக் குதத்திலிருந்து நேரே வாயால் எடுத்து விழுங்கிவிடும். இதைக் கண்டு அருவருத்துத் தடுப்பது தவறு. தடுத்தால் முயலுக்கு ஊட்டக் குறைவு நேரிடும்.

தட்டிற்குப் பழக்க வேண்டியவை வன்புழுக்கையும் சிறுநீரும் மட்டுமே. முயலின் சிறுநீர் மஞ்சளாகவும், சில நாட்களில் தின்ற தழைகளின் நிறப்பொருளால் செம்மஞ்சளாகவும் இருக்கலாம். உணவில் மிகுந்த சுண்ணாம்புச் சத்தை முயல் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால், காய்ந்த இடத்தில் வெண்மையான படிவு தோன்றும்.

3. ஓரிடத்தில் கழிக்கும் இயல்பு

1859-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்கள் சில பத்தாண்டுகளுக்குள் பெருகி, பயிரையும் மேய்ச்சலையும் அழிக்கும் பெருந்துன்பமாக மாறின. ஆகவே முயலின் பழக்கவழக்கங்கள் அந்நாட்டில் கூர்ந்து ஆராயப்பட்டன. கான்பெரா நகரில் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ரோமன் மிக்கிட்டோவிச் என்னும் விஞ்ஞானி, 1960-களில் இதுபற்றி நிகழ்த்திய ஆராய்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை.

முயற்கூட்டம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் சில இடங்களில் மீண்டும் மீண்டும் புழுக்கையிட்டுச் சிறு மேடுகளை உண்டாக்குகிறது. அம்மேடுகளில் உள்ள புழுக்கைகளில் குதச் சுரப்பியின் மணம் மிகுதியாகவும், மேயும்போது ஆங்காங்கே விழுபவற்றில் குறைவாகவும் இருந்தது. கூட்டத்தில் மேலோங்கிய ஆண் முயல்களுக்கு இச்சுரப்பி பெரிதாக இருந்ததும் கண்டறியப்பட்டது. அதாவது, முயலுக்குப் புழுக்கை வெறும் கழிவன்று. ‘இவ்விடம் எங்களுடையது’ என்று மணத்தால் அறிவிக்கும் அடையாளமும் ஆகும்.

இவ்வுண்மையிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, முன்பு கழித்த இடத்தின் மணமே முயலை மீண்டும் அங்கு அழைக்கும். எனவே தட்டை முற்றிலும் மணமற்றதாக்கிவிடலாகாது. இரண்டாவது, இடத்தைத் தேர்வது முயல். தட்டை அங்கு வைப்பது வளர்ப்போர் கடமை. மூன்றாவது, புதிய வீட்டிற்கு வந்த முயல் சில நாட்கள் எல்லையெங்கும் புழுக்கையிடுவது இயல்பே. அதனைப் பிடிவாதம் என்று கருதலாகாது.

விற்பனைக்காக வளர்க்கப்படும் முயல்கள் பெரும்பாலும் கம்பி வலைத் தளமுள்ள கூண்டுகளில் இருப்பவை. அங்குக் கழிவு வலையின் வழியே கீழே விழுந்துவிடுகிறது. பெருந்தொகையாக வளர்க்கும் பண்ணைக்கு அம்முறை வசதியானது. ஆனால் அத்தகைய கூண்டில் பிறந்த முயலுக்குக் கழிவிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. எனவே அது வீட்டிற்கு வந்தபின் பழகுவதற்குச் சில நாட்கள் கூடுதலாக ஆகலாம்.

4. தட்டும் விரிப்பும்

தட்டு, முயல் உள்ளே நின்று திரும்பவும் உடலை நீட்டிப் படுக்கவும் போதிய அளவினதாக இருத்தல் வேண்டும். நடுத்தர முயலுக்கு 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் குறைந்த அளவாகும். விளிம்பின் உயரம் 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது நல்லது. அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றின் விளிம்பை ஒரு பக்கத்தில் வெட்டி, வெட்டிய இடத்தைத் தேய்த்து மழுங்கச் செய்தால் இதற்குப் போதுமானது. மரப்பெட்டி சிறுநீரை உறிஞ்சி நெடியைத் தக்கவைத்துக்கொள்ளும். ஆதலால் அது தகுதியற்றது.

அடியில் பழைய செய்தித்தாள்களை ஐந்தாறு மடிப்பாக விரிக்க வேண்டும். பளபளப்பான வண்ணத் தாள்கள் கூடா. அதன்மேல் கேழ்வரகு வைக்கோலை நான்கு விரற்கடை உயரம் பரப்பலாம். கோலார் மாவட்டம் கேழ்வரகு விளையும் பூமியாதலால் இவ்வைக்கோல் அங்கு எளிதில் கிடைப்பது. பூஞ்சணம் பிடித்ததையும் ஈரமானதையும் விலக்க வேண்டும். தட்டின் ஒரு முனையில் உண்பதற்கான உலர்ந்த புல்லை வைத்தல் இன்றியமையாதது. முயல் தின்றுகொண்டே புழுக்கையிடும் பிராணி. உணவும் தட்டும் சேர்ந்திருந்தால் பழக்குதலில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

விரிப்பாகப் பயன்படுத்தத் தகாத பொருள்களுள் முதலாவது, தங்கவயலின் ‘சயனைடு’ மேடுகளிலிருந்து எடுக்கப்படும் மண். பொன் கலந்த பாறையை மாவுபோல் அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவே இம்மேடுகளாகக் குவிந்துள்ளது. பார்வைக்கு இது மெல்லிய மணல் போன்றது. வீட்டருகே விலையின்றிக் கிடைப்பது. ஆனால் இது நுண்ணிய படிகக்கல் துகள்களால் ஆனது. இத்தகைய துகள் நுரையீரலில் தங்குவதால் உண்டாகும் சிலிக்கோசிஸ் நோயைச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் நன்கு அறியும். முயல் மூக்கின் வழியாகவே சுவாசிப்பது. தரையை ஒட்டி முகத்தை வைத்திருப்பது. தட்டைக் கால்களால் கிளறுவது. அதன் நுரையீரலுக்கும், தட்டைத் துப்புரவு செய்யும் சிறுவரின் நுரையீரலுக்கும் இம்மண் தீங்கானது. மேடுகளின் அருகே முளைத்த புல்லையும் முயலுக்கு அறுத்துப் போடலாகாது.

அடுப்புச் சாம்பல் காரத்தன்மையால் பாதங்களைப் புண்ணாக்கும். நெல் உமியின் கூர்முனைகள் கண்ணை உறுத்தும். தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் சீவலும் தூளும் கல்லீரலைப் பாதிக்கும். பூனைகளுக்கென விற்கப்படும், நீர் பட்டதும் கட்டியாகும் களிமண் குருணை மிகவும் ஆபத்தானது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. விழுங்கிய களிமண் குடலில் இறுகி உயிருக்கே உலை வைக்கும்.

5. பழக்கும் முறை

முதற்படி: முயல் வந்த அன்றே வீடு முழுவதும் திரிய விடலாகாது. ஓர் அறையின் மூலையில், பக்கத்திற்கு நான்கு அடி கொண்ட சதுரமான இடத்தைத் தட்டி அல்லது கம்பி வலையால் தடுத்து, அதனுள் தட்டு, நீர்க் கிண்ணம், முயல் பதுங்குவதற்கு ஒரு அட்டைப் பெட்டி ஆகியவற்றை வைக்க வேண்டும். கூரை தகரமாக உள்ள வீடுகளில் கோடைப் பகலில் வெப்பம் மிகும். 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தை முயல் தாங்காது. எனவே குளிர்ந்த தரையும் காற்றோட்டமும் உள்ள மூலையே ஏற்றது.

இரண்டாம் படி: முதல் இரண்டு மூன்று நாட்கள் முயல் எங்குச் சிறுநீர் கழிக்கிறது என்பதைக் கவனித்தல். தட்டு ஒரு மூலையிலும், முயல் தேர்ந்த இடம் வேறு மூலையிலும் இருந்தால், தட்டையே முயலின் மூலைக்கு மாற்ற வேண்டும். முயலைத் தட்டின் மூலைக்கு இழுப்பது பயன் தராது.

மூன்றாம் படி: வெளியே விழுந்த புழுக்கைகளைத் திரட்டித் தட்டில் இட வேண்டும். சிறுநீரைத் துடைத்த காகிதத்தையும் தட்டிலேயே வைக்க வேண்டும். பின்னர், கழித்த தரையை வினிகரும் நீரும் சம அளவில் கலந்த கரைசலால் துடைத்தால் நெடியும் சுண்ணாம்புப் படிவும் நீங்கும். இவ்வாறு தட்டில் மணம் நிற்க, தரையில் மணம் அகலுகிறது. முயல் வேறுபாட்டை அறிந்துகொள்கிறது.

நான்காம் படி: முயல் நான்கைந்து நாட்கள் தொடர்ந்து தட்டிலேயே சிறுநீர் கழித்தால், தடுப்பை இரண்டு மூன்று அடி விரிவாக்கலாம். பழக்கம் நிலைத்தபின் மேலும் விரிவாக்கலாம். தவறுதல் மிகுந்தால் மீண்டும் இடத்தைச் சுருக்க வேண்டும். இரண்டு அறைகளில் உலவும் முயலுக்கு இரண்டு தட்டுகள் தேவை.

ஐந்தாம் படி: நாள்தோறும் ஈரமான காகிதத்தையும் வைக்கோலையும் நீக்கிப் புதியதை இடுதல், மூன்று நாட்களுக்கு ஒருமுறை தட்டைக் கழுவி வெயிலில் காயவைத்தல். கழுவிய தட்டில் பழைய புழுக்கைகள் சிலவற்றை மீண்டும் இட மறக்கலாகாது. துப்புரவைத் தள்ளிப்போட்டால் சிறுநீரிலிருந்து அம்மோனியா வாயு எழும்பும். தரையை ஒட்டி வாழும் முயல் மனிதருக்கு முன்பே அவ்வாயுவால் பாதிக்கப்பட்டு, மூக்கொழுக்கும் சுவாச நோயும் அடையும்.

நீக்கிய புழுக்கையும் வைக்கோலும் செடிகளுக்கு நல்ல எரு. வன்புழுக்கையை மட்குவிக்காமலேயே பூந்தொட்டியில் இடலாம். வேலை முடிந்தபின் சோப்பினால் கை கழுவுவது அனைவர்க்கும் கட்டாயம்.

6. செய்யத் தகாதவை

முயல் இரையாகும் பிராணி. தன்னைப் பிடிக்க வருவதை எல்லாம் பகையென்றே கருதும். அடிப்பதாலும் அதட்டுவதாலும் அது கற்பது அச்சம் ஒன்றையே. அச்சமுற்ற முயல் மேலும் கண்ட இடங்களில் சிறுநீர் கழிக்கும். அதன் மூக்கை அழுக்கில் தேய்ப்பது கொடுமையேயன்றிப் பயிற்சியன்று. தட்டில் இருக்கும் முயலைப் பிடித்துத் தூக்குவதும் தவறு. அவ்விடம் பாதுகாப்பானது என்னும் நம்பிக்கை அதற்குக் கெட்டுவிடும். தரையைப் பினாயிலால் துடைப்பதையும் தவிர்க்க வேண்டும். அதன் கடுநெடி முயலைக் கலங்கச் செய்வதோடு, பாதத்தில் பட்டு நக்கப்படும்போது நஞ்சாகவும் கூடும்.

7. பருவம் அடைதல்

நன்கு பழகிய முயல் நான்காம் அல்லது ஐந்தாம் மாதத்தில் திடீரெனப் பழக்கம் தவறுவதுண்டு. அது பருவமடைந்ததன் அறிகுறி. ஆண் முயல் சுவரிலும் பொருள்களிலும் சிறுநீரைப் பீச்சும். பெண்ணும் எல்லை குறிக்கும். இந்நிலையில் எத்தனை பயிற்சியளித்தாலும் பயன் குறைவே. முயலுக்கு அறுவை செய்து பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஆண் முயலுக்கு நான்கு மாத அளவிலும், பெண்ணுக்கு ஐந்தாறு மாத அளவிலும் இனப்பெருக்கத் தடை அறுவை செய்விப்பதே தக்க வழி. அறுவைக்குப்பின் சில வாரங்களில் ஹார்மோன்களின் வேகம் தணிந்து பழக்கம் திரும்பும்.

பெண் முயலுக்கு இவ்வறுவை உயிர்காப்பதும் ஆகும். அறுவை செய்யப்படாத பெண் முயல்களுக்கு வயது ஏறியபின் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது. மேலும், முயலின் கருக்காலம் 30 அல்லது 31 நாட்களே. ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் வீட்டில் சில மாதங்களுக்குள் ஒரு தட்டு போதாமற்போவதுடன், வீடே போதாமற்போகும்.

8. தட்டு தரும் செய்தி

தட்டைப் பழக்குவதன் மற்றொரு பயன், முயலின் உடல்நிலையை நாள்தோறும் அறிய முடிவதாகும். முயல் தன் நோயை மறைக்கும் பிராணி. ஆனால் தட்டு மறைப்பதில்லை. வன்புழுக்கைகள் சிறுத்துக் கறுத்தால் நார்ச்சத்து குறைவு எனக் கொண்டு உலர்ந்த புல்லை மிகுதியாக்க வேண்டும். உண்ணாமலும் புழுக்கையிடாமலும் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் கழிந்தால் குடலியக்கம் நின்றுவிட்டதாகக் கருதி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மறுநாள் வரை பொறுத்தல் ஆபத்து. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருதல், பிசின்போல் தடித்திருத்தல், இரத்தம் கலந்திருத்தல் ஆகியன சிறுநீர்ப்பை நோயின் குறிகள். முதிய முயல் தட்டின் வாயிலிலேயே கழித்தால் மூட்டுவலி காரணமாகலாம். தாழ்ந்த விளிம்புள்ள தட்டு வைக்க வேண்டும்.

வெளியே சில உலர்ந்த புழுக்கைகள் காணப்படுவதைக் குறையாகக் கொள்ளலாகாது. சிறுநீர் முழுதும் தட்டில் விழுந்தால் பழக்கம் வெற்றி பெற்றது எனலாம்.

9. கள ஊழியர் வலியுறுத்த வேண்டுவது

பழக்கம் வராத முயலை வெளியே விட்டுவிடுவது தீர்வாகாது. வீட்டு முயலுக்கு இரைதேடவும் பகைக்குத் தப்பவும் பழக்கமில்லை. வெள்ளை நிற முயல் திறந்த மேட்டில் தொலைவிலிருந்தே தெரியும். நாய்க்கும் பருந்துக்கும் அது விரைவில் இரையாகும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் வகையில் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். நன்கு பேணப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை உயிர்வாழும். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுவன் பெறும் முயல், அவன் பள்ளிப் படிப்பை முடித்தபின்னும் வீட்டில் இருக்கும். முயல் வாங்க எண்ணும் குடும்பத்தினருக்கு இதனை முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும்.

10. மாணவர்க்குரிய பயிற்சிகள்

(அ) முயல் உலவும் தரையைச் சுண்ணக்கட்டியால் ஓரடிச் சதுரங்களாகப் பிரித்து, அதன் படத்தைத் தாளில் வரைக. பதினான்கு நாட்கள், நாள்தோறும் ஒரே நேரத்தில், சிறுநீர் கண்ட சதுரங்களைப் படத்தில் குறிக்க. முயல் தேர்ந்த இடம் எது? அவ்விடம் சுவரோரமா, நடுவிலா?

(ஆ) காகிதக் கரண்டியால் எடுத்து, தட்டில் உள்ள புழுக்கைகளையும் வெளியே உள்ளவற்றையும் எண்ணுக. தட்டில் 160, வெளியே 40 எனில், தட்டில் விழுந்தவை 80 சதவிகிதம். இவ்வாறு ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு வரைபடம் வரைக.

(இ) உலர்ந்த புல்லைத் தட்டின் அருகே மூன்று நாட்களும், தட்டிலிருந்து இரண்டடி தள்ளி மூன்று நாட்களும் வைத்து, சதவிகிதத்தில் தோன்றும் மாறுதலைக் காண்க. ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றுவது ஏன் என்பதை விளக்குக.

(ஈ) காட்டு முயலுக்கும் வீட்டு முயலுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாக எழுதுக. வளையில் வாழும் பிராணிக்குத் தனிக் கழிவிடம் ஏன் பயனுடையது என்று ஆராய்க.